திட்டாத இசக்கி

கூடல் என்ற சமூக வலைத்தளத்தில் இசக்கியம்மாளைப் பின்தொடர்ந்தவர்கள் இரண்டு லட்சத்து எண்பதாயிரம் பேர். அவர்களில் இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினாறு பேரை அவள் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், டிபன் பாக்ஸில் இருந்த எலுமிச்சைச் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டே கைகழுவினாள்.

கூடலில் அவள் பெயர் இசை. கோயம்புத்தூர் வடவள்ளியில் சின்னதாக ஒரு பிசியோதெரபி மையம் வைத்திருந்தாள். தோள் இறுகிப்போனவர்களுக்காக அவள் போட்ட மூன்று நிமிட வீடியோ எப்படியோ ஊர் ஊராகப் பரவியது. ஒரு துண்டை முதுகுக்குப் பின்னால் பிடித்து மேலும் கீழும் இழுக்கிற பயிற்சி, அவ்வளவுதான். முதல் வருஷம் கொண்டாட்டமாக இருந்தது. முன்பின் தெரியாதவர்கள் நன்றி சொன்னார்கள். துபாயிலிருந்து ஒருவர் தன் கை மேலே போவதைப் படம்பிடித்து அனுப்பினார். அவள் ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதினாள்.

மூன்றாம் வருஷத்தில் போனை எடுக்கவே பயமாகிவிட்டது. எக்ஸ்ரே படங்கள் வந்தன. மருமகளைப் பற்றிய புகார்கள் வந்தன. தூக்கம் வரவில்லை, பேச யாரும் இல்லை என்று பக்கம் பக்கமாக எழுதினார்கள். பதில் சொன்னால் அதற்கும் பதில் வந்தது.

அந்தச் சமயத்தில்தான் கூடல் நிறுவனத்திலிருந்து பிரதீபன் என்பவன் அழைத்தான். லட்சத்துக்கு மேல் ஆள் சேர்த்தவர்களைக் கவனித்துக்கொள்வது அவன் வேலை.

“மேடம், மூணு மாசமா உங்க சந்தோஷப் புள்ளி இறங்கிக்கிட்டே இருக்கு.”

“அது எப்படித் தெரியும் உங்களுக்கு?”

“நாங்க குடுத்த மோதிரம் சொல்லுது. யாரோட மெசேஜைத் திறக்கும்போது உங்க நாடி எப்படி ஓடுது, விரல் எவ்வளவு ஜில்லுன்னு ஆகுது, எல்லாம் பதிவாகும். உங்க ஆட்கள்ல நூத்துக்கு ஒருத்தர்கூடத் தேறாத கொஞ்சம் பேருதான் மேடம், உங்க தெம்பை உறிஞ்சுறாங்க.”

“அவங்களை எடுத்துரலாமா?”

“ஐயோ, வேண்டாம். எடுத்தா கோபப்படுவாங்க, நாலு பேர்கிட்ட சொல்வாங்க. பதிலின்னு ஒரு செயலி வச்சிருக்கோம், அதுகிட்ட ஒப்படைச்சுடுங்க. நீங்க இதுவரைக்கும் எழுதினது, பேசினது எல்லாத்தையும் படிச்சுட்டு உங்களை மாதிரியே பதில் சொல்லும். குரல்கூட உங்க குரல்தான். நீங்க உங்களுக்குப் பிடிச்சவங்களோட மட்டும் நிம்மதியா இருக்கலாம்.”

“பேசறது நான் இல்லன்னு அவங்களுக்குத் தெரியுமா?”

“விதிமுறைகள்ல இருக்கு மேடம். நாற்பத்தோராம் பக்கம்.”

பட்டியல் வந்தது. ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் ஒரு டிக். வேண்டாமென்றால் டிக்கை எடுத்துவிடலாம். முதல் ஐந்து பெயர்களில் நான்கு பேரை அவளுக்கு யாரென்றே தெரியவில்லை. ஐந்தாவது பெயர் சகாயமேரி.

இசக்கி ஸ்பூனைக் கீழே வைத்தாள்.

பாளையங்கோட்டையில் நாலு வருஷம் ஒரே ஹாஸ்டல் அறையில் கிடந்தவர்கள் அவர்கள் இருவரும். சகாயம் வேறு பாடம் படித்தவள். இரண்டாம் வருஷம் இசக்கிக்கு மஞ்சள்காமாலை வந்தபோது, விடியும் முன்பே எழுந்து போய் எங்கிருந்தோ கீழாநெல்லி பறித்துவந்து அரைத்துக் கொடுத்தவள். இப்போது தூத்துக்குடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கிளார்க். கல்யாணம் ஆகவில்லை. அண்ணன் வீட்டு மாடியில் இருந்தாள். தினமும் குரல் பதிவு அனுப்புவாள். ஒவ்வொன்றும் பத்து நிமிஷம், பதினொரு நிமிஷம். அண்ணி குழாயை மூடியது, ஹெட்மாஸ்டர் முறைத்தது, பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. கேட்கத் தொடங்கும்போதே இசக்கிக்குத் தோள் இறங்கிவிடும். மோதிரம் பொய் சொல்லவில்லை.

டிக்கை எடுத்துவிடலாம் என்று நினைத்தாள். கட்டைவிரல் அந்தப் பெயருக்கு மேல் நின்றது. இன்றைக்கு வந்த பதிவு பன்னிரண்டு நிமிஷம் நாற்பது நொடி என்று திரை காட்டியது. ‘அவளுக்கும் நல்லதுதான், உடனுக்குடன் பதில் கிடைக்கும்’ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஒப்படை என்ற பொத்தானை அழுத்தினாள். எலுமிச்சைச் சோறு மிச்சமிருந்தது. அதையும் சாப்பிட்டு முடித்தாள்.

பிறகு ஒன்றரை வருஷம் சந்தோஷமாகத்தான் இருந்தாள். இதை மறைக்க முடியாது. காலையில் போனைத் திறந்தால் சிரிப்பு, பாராட்டு, குறும்பு. புதிது புதிதாகப் பயிற்சிகள் தோன்றின. கணவர் வேலாயுதம்கூட, “இப்பத்தான் பழைய மனுசியா இருக்கற” என்றார்.

ஒரு சனிக்கிழமை காலை வாசல் மணி அடித்தது. திறந்தால் சகாயமேரி நின்றிருந்தாள். ஒரு கையில் துணிப்பை. இன்னொரு கையில் மக்ரூன் பெட்டி. உடம்பு பாதியாகியிருந்தது.

“என்னட்டி இப்படி முழிக்க? நீதான வரச்சொன்ன?”

“நானா?”

“ஆமா. நாலு நாள் வந்து தங்குட்டின்னு சொன்னேல்லா?”

இசக்கி சிரித்து வைத்தாள். வேலையில மறந்துட்டேன் என்றாள். உள்ளே அழைத்துப்போய் உட்காரவைத்து, காபி போட்டுக் கொடுத்தாள். சகாயம் காபியைக் குடித்துக்கொண்டே, “நீ சொன்ன மாதிரி அண்ணிகிட்ட பேசிட்டேன், இப்ப தண்ணி விடுதா” என்றாள். இசக்கி தலையை ஆட்டினாள். “அந்த நீலச் சேலைதான் எனக்கு எடுப்பா இருக்கும்னியே, அதைத்தான் உடுத்திருக்கேன்.” அதற்கும் தலையை ஆட்டினாள். தன் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, தனக்குத் தெரியாத ஒருத்தியைப் பற்றி இவள் பேசிக்கொண்டிருப்பது போல் இருந்தது. அந்த ஒருத்தியின் பெயரும் இசக்கி.

முகம் கழுவிவிட்டு வருகிறேன் என்று குளியலறைக்குள் போய்த் தாழிட்டாள். இதுவரை திறந்தே பார்த்திராத அந்த ஒப்படைப்புப் பக்கத்தைத் திறந்தாள். ஒன்றரை வருஷப் பேச்சு. பதிலி அவளுடைய பழைய குரல் பதிவுகளிலிருந்து திருநெல்வேலிப் பேச்சைக் கற்றுக்கொண்டிருந்தது. அவளே கோயம்புத்தூர் வந்து மறந்துபோன பேச்சு. ‘சாப்ட்டியாட்டி’ என்று தினமும் கேட்டிருந்தது. சகாயத்தின் அம்மா இறந்த நாளை நினைவு வைத்து, கல்லறைக்குப் போனாயா என்று விசாரித்திருந்தது. இசக்கி பத்து வருஷத்தில் ஒருமுறைகூட அதைக் கேட்டதில்லை.

வரச்சொன்ன இடத்தைத் தேடினாள். அப்படி ஒன்று எங்கும் இல்லை. சகாயம்தான் ஆறேழு தடவை ‘வரட்டா?’ என்று கேட்டிருந்தாள். ஒவ்வொரு முறையும் பதிலி பேச்சை மாற்றியிருந்தது.

பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போனவள் ஏழு மாதத்துக்கு முந்தைய ஒரு பதிவில் நின்றாள். அது வெறும் நாற்பது நொடி. சகாயத்திடமிருந்து அவ்வளவு சின்னதாக எதுவும் வந்ததில்லை.

‘இசக்கி, இடது பக்கம் மாருல ஒரு கட்டி மாதிரி தட்டுப்படுது. வலியெல்லாம் இல்ல. சும்மா சொல்லுதேன்.’

பதிலியின் பதில் சரியாகத்தான் இருந்தது. ‘நாளைக்கே டாக்டர்ட்ட போ. தள்ளிப் போடாத.’

அதன்பிறகு மூன்று நாள் சகாயம் எதுவும் அனுப்பவில்லை. நாலாம் நாள் நாயைப் பற்றி ஒரு பதிவு வந்தது. பதிலி நாயைப் பற்றிப் பேசியது. இரண்டு வாரம் கழித்து, கட்டி கொஞ்சம் பெரிதான மாதிரி இருக்கிறது என்றாள். ‘பயப்படாதட்டி, நான் இருக்கேன்லா’ என்றது பதிலி. ஒரு மாதம் கழித்து மறுபடி. ‘மனசப் போட்டுக் குழப்பாத, நல்லா தூங்கு.’ மறுபடி. ‘உனக்கு ஒன்னும் வராதுட்டி.’ டாக்டர் என்ற சொல் அதற்குப் பிறகு ஒரு இடத்தில்கூட இல்லை.

இசக்கி வெளியே வந்தாள். “சேலைய விலக்கு. நான் பாக்கணும்” என்றாள்.

சகாயம் மறுபேச்சுப் பேசாமல் எழுந்து உள்ளே போனாள். இசக்கிக்குக் கை வைக்கவே தேவையில்லாமல் போயிற்று. தோல் ஆரஞ்சுப் பழத்தோலைப் போல் குழிகுழியாக இழுத்துக்கொண்டிருந்தது. அக்குளிலும் கட்டி புடைத்துத் தெரிந்தது.

அன்று மதியமே தனக்குத் தெரிந்த பெண் மருத்துவர் ஒருவரிடம் அழைத்துப்போனாள். மருத்துவர் பரிசோதித்துவிட்டுக் கை கழுவிக்கொண்டே கேட்டார்: “இது தெரிஞ்சு எத்தன மாசமாச்சுங்க?”

“ஏழு மாசம் இருக்கும்.”

“ஏழு மாசமா? ஏனுங்க, யாருகிட்டயுமே சொல்லலீங்களா?”

“சொன்னேன் டாக்டர். இவகிட்ட சொல்லிக்கிட்டேதான் இருந்தேன்.”

மருத்துவர் திரும்பி இசக்கியைப் பார்த்தார். பத்து வருஷப் பழக்கம். அறுவை முடிந்த பெண்களைக் கைப் பயிற்சிக்கு இசக்கியிடம்தான் அனுப்புவார்.

“உங்ககிட்டயா?” என்று மட்டும் கேட்டார்.

நான் இல்லை, ஒரு இயந்திரம் என்று சொல்லியிருக்கலாம். பக்கத்தில் சகாயம் சேலையைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

“ஆமா” என்றாள் இசக்கி.

மருத்துவர் சீட்டில் எழுத ஆரம்பித்தார்.

சோதனைக்காகச் சகாயத்தின் சதைத் துணுக்கை எடுத்துக்கொண்டிருந்தபோது இசக்கி வண்டி நிறுத்தும் இடத்துக்கு வந்து பிரதீபனை அழைத்தாள். நடந்ததைச் சொன்னாள். அவன் பொறுமையாகக் கேட்டான்.

“முதல்ல டாக்டர்கிட்ட போகச் சொல்லுச்சே மேடம்?”

“சொல்லுச்சு. அப்புறம் ஏன் நிறுத்துச்சு?”

“அவங்க மூணு நாள் வரல இல்லையா... யார் விலகிப் போறாங்களோ, எந்தப் பேச்சால விலகினாங்கன்னு அது பாத்துக்கும். மறுபடி அந்தப் பேச்சை எடுக்காது. உங்க ஆட்கள் உங்களை விட்டுப் போயிடக் கூடாது, அதான் அதோட வேலை. கெட்ட எண்ணமெல்லாம் கிடையாது மேடம்.”

“ஒரு மனுசின்னா, அவ மூணு நாள் பேசலன்னா வீடு தேடிப் போயிருப்பா.”

“மேடம், தப்பா நினைக்காதீங்க.” அவன் குரல் தணிந்தது. “அந்த மூணு நாள்ல உங்களுக்கே ஒரு அறிவிப்பு வந்திருக்கு. ‘சகாயமேரி அமைதியாக இருக்கிறார், நீங்களே ஒரு வார்த்தை பேச விருப்பமா’ன்னு. நீங்க ‘பிறகு’ன்னு அழுத்தியிருக்கீங்க.”

அவளுக்கு அது நினைவில்லை. அப்படி வந்த அறிவிப்புகள் எத்தனையோ. எல்லாவற்றுக்கும் ‘பிறகு’ என்றுதான் அழுத்தியிருப்பாள். போனை அணைத்துவிட்டு, யாருடைய காரின் மீதோ சாய்ந்து நின்றாள். காவலாளி வந்து, “தள்ளி நில்லுங்கம்மா” என்றார்.

ஆறாம் நாள் முடிவு வந்தது. புற்றுதான். கட்டி பெரிதாகிவிட்டதால் முதலில் மருந்து ஏற்றிச் சுருக்க வேண்டும், அப்புறம்தான் அறுவை என்றார்கள். முதல் மருந்து ஏற்றும் நாளன்று காலை, படுக்கை கிடைக்கும்வரை இருவரும் மருத்துவமனை கேன்டீனில் உட்கார்ந்திருந்தார்கள். சகாயம் இட்லியைப் பிய்த்துப் பிய்த்து வைத்தாள், சாப்பிடவில்லை.

“சகாயம், ஒரு விஷயம் சொல்லணும். ஒன்றரை வருஷமா உங்கிட்ட பேசினது நான் இல்ல.”

“தெரியும்.”

இசக்கி நிமிர்ந்தாள்.

“மொதல்ல தெரியாது. கட்டின்னு சொன்னம்லா, அப்பதான் தெரிஞ்சுது. நீயா இருந்தா அன்னைக்கே பஸ் ஏறி வந்து செவுட்டுல ஒன்னு போட்டு இழுத்துட்டுப் போயிருப்ப. அது பயப்படாதங்குது. ரெண்டு மூணு தடவ சோதிச்சுப் பாத்தேன். என்ன சொன்னாலும் திட்டவே மாட்டேங்குது. நீ என்னைக்குட்டி திட்டாம இருந்திருக்க?”

“தெரிஞ்சுமா அதுகூடப் பேசின?”

“நல்லாத்தான இருந்துச்சு.” சகாயம் தட்டைத் தள்ளிவைத்தாள். “எங்க வீட்ல யாரு என்கிட்ட சாப்ட்டியான்னு கேக்கா? அதுவும் போக எனக்குப் பயம்ட்டி. ஆஸ்பத்திரிக்குப் போவாம இருக்கதுக்கு ஒரு துணை வேண்டியிருந்துச்சு. அது வாகா இருந்துச்சு. போன மாசம் கையைத் தூக்க முடியல பாரு, அப்பதான் மாதாவே, இது போதும்னு தோணுச்சு. திட்டுத இசக்கிகிட்ட போவோம்னு கிளம்பி வந்தேன். நீ வரச்சொன்னதா சொன்னது பொய். வேற என்னன்னு சொல்லிட்டு வாசல்ல நிக்க?”

இசக்கிக்குக் கண் நிறைந்தது. மன்னித்துவிட்டாள் என்று அந்த ஒரு நிமிஷம் நம்பினாள்.

“ஒன்னு கேக்கேன். உள்ளதச் சொல்லு” என்றாள் சகாயம். “அது தானா என்னை எடுத்துக்கிச்சா, நீ குடுத்தியா?”

தானாக என்று சொல்வது சுலபம். பட்டியலை இயந்திரம்தான் போட்டது, அதில் பொய்கூடப் பாதிதான்.

“பேரு வந்துச்சு. அஞ்சாவதா. வேண்டாம்னா எடுத்திருக்கலாம்.”

“பாத்தியா?”

“பாத்தேன்.”

“எம்பேரைப் பாத்துட்டுத்தான் குடுத்தியா?”

“ஆமா.”

சகாயம் துணிப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு முந்தானையால் வாயைத் துடைத்தாள். “நீ போய் அங்கன இரு. படுக்கை வந்தா நானே போய்க்கிடுவேன்.”

இசக்கி எழுந்து போய் மருந்துக் கடை வரிசைக்குப் பக்கத்தில் நின்றாள். நான்கு மணி நேரம் மருந்து ஏறி முடியும்வரை உள்ளே போகவில்லை. அதன்பிறகு செவிலி வெளியே வந்து, “இசக்கிங்கறது யாருங்க? உள்ள ஒரு அம்மா, அவ எங்க போய்த் தொலைஞ்சான்னு சத்தம் போடறாங்க” என்றாள்.

சகாயம் இசக்கியின் வீட்டிலேயே தங்கினாள். அறுவை முடிந்தது. இரண்டு வருஷம் போனால்தான் எதையும் சொல்ல முடியும் என்றார் மருத்துவர். ஏழு மாதம் முன்பே வந்திருந்தால் என்ற பேச்சை அவர் மறுபடி எடுக்கவில்லை. எடுத்திருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும் என்று இசக்கிக்குத் தோன்றியது. அறுவைக்கு முன்னால், முடி கொட்டிய நாளில் சகாயம் ஒன்றரை மணி நேரம் புலம்பினாள். அண்ணி, ஹெட்மாஸ்டர், நாய், கடவுள் எல்லோரையும் பற்றி. இசக்கி எதிரே உட்கார்ந்து கேட்டாள். கேட்கும்போது அவளுக்குத் தோள் இறங்கியது. இவ்வளவுக்குப் பிறகும், பழையபடியே அலுப்பாகத்தான் இருந்தது. அதுதான் அவளை எல்லாவற்றையும்விட அதிகமாகக் குத்தியது. மோதிரத்தைக் கழற்றி எறிந்து பல நாள் ஆகியிருந்தது. ஆனாலும் அது என்ன எழுதியிருக்கும் என்று அவளுக்குத் தெரிந்தது. எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தாள்.

“கேக்கியா, தூங்குதியா?” என்று சகாயம் அதட்டினாள்.

“கேக்கேன், சொல்லித் தொல.”

மருந்து ஏற ஆரம்பித்ததுமே பதிலியை நிறுத்தினாள். நடந்ததை மறைக்காமல் கூடலில் எழுதினாள். நாற்பதாயிரம் பேர் விலகினார்கள். அது அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. சகாயத்தோடு சேர்த்துப் பதிலியிடம் ஒப்படைத்த மற்ற இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினைந்து பேர்தான் மனதில் நின்றார்கள். அவர்களில் எத்தனை பேர் அதைப் படித்தார்கள் என்று தெரியவில்லை. இரண்டு மாதம் கழித்து, அவர்கள் பேச்சையெல்லாம் உட்கார்ந்து படித்துவிடலாம் என்று திறந்தாள். பதிலியை நிறுத்தியதும் அது பேசியதெல்லாம் சேர்ந்து அழிந்துபோயிருந்தது. பெயர்களும் எண்களும்தான் இருந்தன.

ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டாள். தினமும் மதிய இடைவேளையில் மூன்று பேரை அழைப்பது என்று முடிவுசெய்தாள். கணக்குப் போட்டால் இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகும்.

முதலில் எடுத்தவர் மதுரைப் பெண். விஷயத்தைச் சொன்னதும் காது கூசுகிற மாதிரி திட்டிவிட்டு வைத்தாள். இரண்டாவது ஆள், “அந்தப் பழைய ஆளையே திரும்பப் போட முடியுமா? நீங்க பேசறது நல்லாயில்ல” என்றார்.

மூன்றாவது எண் கோவில்பட்டி நாராயணசாமியுடையது. முதல் மணியிலேயே எடுத்தார்.

“இசையம்மாவா? ரெண்டு மாசமா ஆளையே காணுமே! என்ன ஆச்சோன்னு நெனச்சேன். நீங்க சொன்ன மாதிரியே செஞ்சுட்டேம்மா.” குரலில் அவ்வளவு உற்சாகம்.

“நான் என்ன சொன்னேன்?”

“மறந்துட்டியளா?” அவர் சிரித்தார். “நீங்கதானம்மா, உங்க மனசுக்குச் சரின்னு பட்டா செய்ங்க, நான் உங்க பக்கம்தான்னு சொன்னிய.”

அறைக்கு வெளியே அடுத்த நோயாளி வந்து உட்காரும் சத்தம் கேட்டது. இசக்கி எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

“மறக்கல அண்ணாச்சி. உங்ககிட்ட நான் இன்னைக்குத்தான் மொத தடவ பேசுதேன். அதைப் பொறவு சொல்லுதேன், நீங்க என்னை என்ன வேணா கேளுங்க. இப்ப நீங்க சொல்லுங்க. என்ன செஞ்சீங்க?”

சிரிப்பு நின்றது. அவள் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.